தீபாவளிக்குக் கதவில் யார்?

பாரிட் லீமா, கிள்ளான்
2 செப்டம்பர் 2025

லோகனுக்கு, உன் பெரியம்மா தனலெட்சுமி எழுதுவது.

நான்கு வருடமாக உன்னோடு பேசவில்லை. இப்போதும் பேசவில்லை, எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் "லைன் கட்டாயிடுச்சு பெரிம்மா" என்பாய். காகிதம் கட்டாகாது. உங்கள் நகராண்மைக் கழகத்தின் கவுண்டரில் போய் வாயால்தான் முதலில் சொன்னேன். "ஆன்டி, ஃபார்ம் எழுதிக் குடுங்க, அப்பத்தான் கம்ப்ளெய்ன்" என்றாள் ஒரு பெண். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள், உன் அம்மாவைத்தான் ஆறாவது வரை படிக்க வைத்தார்கள். மலாய் ஃபார்மில் நான் என்ன எழுதுவது? தெரிந்த தமிழில் உனக்கு எழுதுகிறேன். நீதானே அங்கே உறுப்பினர்.

நீ பதவி ஏற்ற விருந்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. அதை எழுத வரவில்லை. எழுதிவிட்டேன், போகட்டும்.

விஷயம் இது. எங்கள் லோரோங், இந்தச் சந்து, தாழ்வானது. கடல் ஏறினால் ஆறு ஏறும், ஆறு ஏறினால் எங்கள் வாசலைவிட உயரமாக நிற்கும். பெரிய வாய்க்கால் ஆற்றில் சேரும் இடத்தில் இருக்கும் இரும்புக் கதவுதான் அதைத் தடுக்கிறது. தண்ணீர் ஏறும்போது கதவை இறக்க வேண்டும், வடியும்போது தூக்க வேண்டும். உன் பெரியப்பா இருபத்தேழு வருடம் அந்த வேலை பார்த்தார். இந்த ஜனவரியில் கழகம் அதை ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது.

அதற்குப் பிறகு இரண்டு தரம் கதவில் ஆள் இல்லை. சீனப் பெருநாளுக்கு மறுநாள் காலை தண்ணீர் வாசல் வரை வந்தது. நோன்புப் பெருநாள் காலையில் பெரியப்பாவின் கட்டில் கால் பாதி முங்கியது. பக்கவாதம் வந்து அவர் படுத்து இரண்டு வருடம் ஆகிறது, உனக்குத் தெரியாது. பேச்சு போய்விட்டது. வலது கை மட்டும் அசையும். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் அந்தக் கை காற்றில் சக்கரம் சுற்றும். கதவை இறக்குகிறாராம். எனக்கு எழுபத்தொன்று. அவரைத் தூக்க என்னால் முடியாது. கட்டிலைச் செங்கல் மேல் ஏற்றி வைத்திருக்கிறேன். அதற்கு மேல் ஏற்ற இடம் இல்லை.

அக்டோபர் இருபது தீபாவளி. அன்று காலை கதவில் ஒரு ஆள் நிற்க வேண்டும். வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

தனலெட்சுமி

*

கிள்ளான்
9 செப்டம்பர் 2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பெரியப்பாவுக்கு இப்படி ஆனது எனக்கு உண்மையிலேயே தெரியாது. யாரும் சொல்லவில்லை.

உங்கள் புகாரை வட்டாரப் பொறியாளருக்கு அனுப்பியிருக்கிறேன். புதிய முறையில் கதவில் சென்சார் பொருத்தியிருக்கிறார்கள். தண்ணீர் மட்டம் ஏறினால் மோட்டார் தானாகவே கதவை இறக்கும். முன்போல ஒரு ஆள் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. பழைய முறையில் மூன்று பேர் சம்பளம் வாங்கினார்கள். அந்தச் செலவில் இப்போது வாய்க்கால் துப்புரவும் சேர்ந்து நடக்கிறது. கூட்டத்தில் இதைக் கேட்டுத்தான் ஒப்புதல் கொடுத்தோம்.

நான்கு வருடம் முன் வந்த வெள்ளத்தின்போது நான் மூன்றாம் நாள்தான் வந்ததையும், பத்துப் பேர் முன்னால் நீங்கள் அரிசி மூட்டையைத் திருப்பி என் காலடியில் போட்டதையும் நானும் மறக்கவில்லை. அதை விடுங்கள். பாரிட் லீமாவுக்கு நான் வராததற்கு அது மட்டும் காரணம் இல்லை. அப்பா விழுந்த இடம் அது. குடித்துவிட்டு வாய்க்காலில் விழுந்தவன் மகன் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தார்கள். அம்மா செமினிக்குக் குடிபோனதே அதற்காகத்தான். 

பயப்படாதீர்கள். சென்சார் பார்த்துக்கொள்ளும்.

அன்புடன்
லோகன்

*

பாரிட் லீமா
14 செப்டம்பர் 2025

லோகனுக்கு,

சென்சார் பார்த்துக்கொள்ளும் என்று எழுதியிருக்கிறாய். நோன்புப் பெருநாள் காலையில் நான் முட்டியளவுத் தண்ணீரில் நடந்து போய் உன் சென்சாரைப் பார்த்தேன். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. கதவு இறங்கியும் இருந்தது. ஆனால் அடியில் யாரோ வீசிய மெத்தை ஒன்று சிக்கிக்கொண்டு, ஒரு முழ இடைவெளி. ஆறு அந்த வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. மெத்தையைப் பார்க்கக் கண் வேண்டும். இழுத்துப் போடக் கை வேண்டும்.

இன்னொன்று சொல்கிறேன், உங்கள் கூட்டத்தில் யாருக்கும் இது தோன்றியிருக்காது. சீனப் பெருநாள் எப்போது வருகிறது? அமாவாசையில். நோன்புப் பெருநாள் பிறை பார்த்து. தீபாவளி அமாவாசை ஒட்டி. தைப்பூசம் பௌர்ணமி. கடல் பெரிதாக ஏறுவதும் இதே நாட்களில்தான். ஊரே லீவு போட்டுக்கொண்டு வீட்டில் இருக்கும் நாளில்தான் அந்தக் கதவுக்கு வேலை அதிகம்.

அப்போது கதவில் மூன்று பேர். உன் பெரியப்பா, மூசா, ஆ லெக். நோன்புப் பெருநாளுக்கு மூசா வீட்டில் இருப்பான், இவரும் ஆ லெக்கும் நிற்பார்கள். சீனப் பெருநாளுக்கு இவரும் மூசாவும். தீபாவளிக்கு அவர்கள் இரண்டு பேர். யாரும் உத்தரவு போடவில்லை. எந்தக் காகிதத்திலும் இல்லை. "நாகையா, லு பாலேக் லா, மண்டி மின்யாக்" என்று மூசா இவரை விரட்டுவான். வீட்டுக்குப் போய் எண்ணெய் தேய்த்துக் குளி என்கிறான். பெருநாள் பலகாரம் எல்லாம் கதவடியில்தான் தின்பார்கள். மூசா மனைவியின் ரெண்டாங் இறைச்சி இன்னும் என் நாக்கில் இருக்கிறது. உன் அம்மா அதைத் தொட மாட்டாள்.

இப்போது மூன்று கதவுக்குச் சேர்த்து ஒரே ஆள். சொக்கலிங்கம் என்று பெயர், திருவாரூர்ப் பக்கத்தில் இருந்து பெர்மிட்டில் வந்தவன். நல்ல மனுஷன். "எனக்கும் பயமாத்தான் இருக்கு ஆச்சி. தீவாளிக்கு வராதன்னு முதலாளி சொல்லிட்டாரு. வந்தா டபுள் சம்பளம் குடுக்கணுமாம்" என்கிறான்.

நீ சொன்ன "பயப்படாதீர்கள்" என்பதை நீயே வைத்துக்கொள். நான் பயப்படுகிறேன். தண்ணீர் வரும்போது முதலில் சத்தம் வராது. கழிவறைக் குழியில் குமிழி விடும். ஒவ்வொரு காலையும் எழுந்து முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

தனலெட்சுமி

*

கிள்ளான்
26 செப்டம்பர் 2025

பெரியம்மாவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

நூற்று நாற்பது பக்கம். உண்மையைச் சொல்கிறேன், கூட்டத்தன்று நான் அதைப் படிக்கவில்லை. யாருமே படித்திருக்க மாட்டோம். புல் வெட்டுவது, வாய்க்கால் துப்புரவு, பொதுக் கழிப்பறை, தண்ணீர்க் கதவு, எல்லாம் ஒரே பொட்டலம். புல் வெட்டும் பகுதியில் வேலை நேரம் போட்டிருக்கிறது: திங்கள் முதல் வெள்ளி, காலை எட்டு முதல் மாலை ஐந்து, பொது விடுமுறை நாட்கள் நீங்கலாக. அதே வரியைக் கதவுக்கும் அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். புல் லீவு நாளில் காத்திருக்கும். அதற்கு எழுதியதைக் கடலுக்கும் எழுதிவிட்டோம். கீழே இருக்கும் கையெழுத்துகளில் மூன்றாவது என்னுடையது.

பொறியாளரிடம் போனேன். "சென்சார் இருக்குலா துவான், ஏன் இவ்ளோ பதட்டம்?" என்று சிரித்தார். மெத்தையைச் சொன்னேன். "அது பப்ளிக் தப்பு" என்றார். கம்பெனியில் கேட்டால், ஒப்பந்தத்தில் இல்லாத நாளுக்கு ஆள் போட முடியாது என்கிறார்கள். ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டுமானால் டிசம்பர் கூட்டத்தில்தான் முடியும். பழைய பதிவேட்டில் மூன்று பேர் மாறி நின்றதைத் தேடினேன். ஒரு வரி கூட இல்லை. இல்லாததை எப்படி ஒப்பந்தத்தில் சேர்ப்பார்கள்?

இப்போது எனக்கும் தூக்கம் வரவில்லை. அதனால் ஒன்று செய்யலாம். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னாடியே ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்கிறேன். நீங்களும் பெரியப்பாவும் என் வீட்டுக்கு வந்துவிடுங்கள். மேட்டில் இருக்கிறது.

ஒன்று கேட்கலாமா? சீனப் பெருநாளும் நோன்புப் பெருநாளும் நடந்துவிட்டன, அதைச் சொல்கிறீர்கள், சரி. ஆனால் தீபாவளியைப் பற்றி எழுதும்போது மட்டும் ஏற்கெனவே ஒரு தரம் பார்த்தவர் மாதிரி எழுதுகிறீர்கள். ஏன்?

லோகன்

*

பாரிட் லீமா
3 அக்டோபர் 2025

லோகனுக்கு,

உன் வீட்டுக்கு வர மாட்டேன். இந்த லோரோங்கில் நாற்பத்தொரு வீடு. பக்கத்து வீட்டு வாணிக்கு இரட்டைப் பிள்ளை பிறந்து இருபது நாள்தான் ஆகிறது. எல்லோரையும் உன் ஹாலில் பாய் போட்டுப் படுக்க வைப்பாயா? எங்கள் இருவரை மட்டும் தூக்கிப் போய்விட்டால் உனக்கு நிம்மதி வந்துவிடும், கதவை மறந்துவிடுவாய். நாங்கள் இங்கேயே கிடந்தால்தான் உனக்குப் பயம் இருக்கும்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத நான்கு நாளாக உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். இந்த நான்காவது காகிதத்தையும் கிழித்தால் இனி எழுத மாட்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்து. கிரகணம் வந்த வருடம். தீபாவளிக்கு நீங்கள் மூன்று பேரும் முதல் நாளே எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டீர்கள். உனக்கு ஒன்பது வயது. பச்சைச் சட்டை. பித்தான் ஒன்று பெரியதாக இருந்தது, உன் அம்மா மாற்றித் தைத்தாள்.

அந்த வருடம் மூசாவின் மனைவிக்குப் பிரசவ வலி. அவன் ஆஸ்பத்திரியில். ஆ லெக் நாலாவது வாய்க்காலில் பம்ப் கெட்டு அங்கே மாட்டிக்கொண்டான். உன் பெரியப்பா, "இந்தத் தீவாளிக்கு நானே நிக்கிறேன், நீங்க குளிங்க" என்று நாலரை மணிக்கே கிளம்பிவிட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம். தங்கச்சி வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார், என் வீட்டு ஆண்பிள்ளை இல்லாமல் யார் தலையில் எண்ணெய் வைப்பது? உன் அம்மாதான், "விடுக்கா, அவரு வேல அப்பிடி" என்றாள். அவள் அப்படிப் பெருந்தன்மையாகப் பேசினால் எனக்கு ஆகாது. உன் அப்பாவிடம் போய், "பாலா, நீ போய் அரை மணி நேரம் நில்லுப்பா. அவர வந்து எண்ண வச்சுக்கிட்டுப் போகச் சொல்லு" என்றேன்.

உன் அப்பா எழுந்து போனார். உன் அம்மா பின்கட்டில் வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தாள், அவர் போனதைப் பார்க்கவில்லை. போகும்போது, தூங்கி வழிந்துகொண்டிருந்த உன் தலையில் இருந்த எண்ணெயை ஒரு விரலால் தொட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு போனார். குடிக்கவில்லை. லோகன், இதைப் பெரிதாக எழுதுகிறேன், உன் அப்பா அன்று குடிக்கவில்லை. காபி கூடக் குடிக்கவில்லை.

பெரியப்பா வந்து எண்ணெய் வைத்துக்கொண்டு குளித்து, இட்லிக்கு உட்கார்ந்தார். நான்தான், "ரெண்டே ரெண்டு" என்று தட்டில் வைத்தேன். அப்போது கழிவறையில் குமிழி விட்டது. தட்டைத் தள்ளிவிட்டு ஓடினார். கதவடியில் கட்டை சிக்கியிருக்கிறது. உன் அப்பாவுக்கு அந்த வேலை தெரியாது. கம்பால் குத்திப் பார்த்திருக்கிறார். கம்பு மட்டும் மிதந்தது.

போலீஸ் வந்தபோது நான்தான் முன்னால் போய் நின்றேன். கதவை விட்டு வந்தது தெரிந்தால் பெரியப்பாவுக்கு வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும். "தீவாளிதானே சார், குடிச்சிட்டு அந்தப் பக்கம் போயிட்டாரு" என்று சொன்னேன். பெரியப்பா பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு என்னோடு சேர்ந்து தீபாவளிக்குச் சாப்பிட்டதே இல்லை. ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு தீபாவளியும், மூசா விரட்டினாலும், அவர்தான் கதவில் நின்றார்.

உன் அம்மா என் வீட்டுப் படி ஏறுவதில்லை என்று முப்பது வருடமாக ஊரெல்லாம் குறை சொன்னேன். சொல்லிக்கொண்டே இருந்தால் அதுதான் சண்டைக்குக் காரணம் என்று எனக்கே நம்பிக்கை வந்துவிடும்.

ஆள் இல்லாத கதவு என்ன செய்யும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றுதானே கேட்டாய்?

தனலெட்சுமி

*

கிள்ளான்
7 அக்டோபர் 2025

திருமதி தனலெட்சுமி அவர்களுக்கு,

உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டுள்ளது. இனி எனக்கு எழுத வேண்டாம். கவுண்டரில் கொடுங்கள்.

லோகன் பாலன்

*

பாரிட் லீமா
17 அக்டோபர் 2025

லோகனுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். கவுண்டர் மூடிவிட்டது, செவ்வாய்க்கிழமைதான் திறக்குமாம்.

மூன்று நாளாக மழை. இன்று காலை தண்ணீர் வாய்க்கால் கரையின் மூன்றாம் படியை முக்கிவிட்டது, அமாவாசைக்கு இன்னும் நான்கு நாள் இருக்கும்போதே. சொக்கலிங்கம் வந்து பார்த்துவிட்டுப் போனான். அவனிடம் கேட்டேன், "திங்கக்கிழம காலைல வருவியாப்பா?" என்று. "வந்தாலும் ஒரு கதவுக்குத்தான் நிக்க முடியும் ஆச்சி. எதுக்கு நிக்கறது?" என்றான். 

வாணி கைப்பிள்ளைகளைத் துணிக்கூடையில் போட்டுக் கூடையை அலமாரி மேல் வைத்துப் பார்க்கிறாள். நான் பெரியப்பாவின் இடுப்பில் சேலையைக் கட்டி ஜன்னல் கம்பியில் முடிந்திருக்கிறேன். எதற்கு என்று கேட்காதே. மிதந்து போகாமல் இருக்க. அவர் கை இப்போது தண்ணீர்ச் சத்தம் இல்லாமலே சுற்றுகிறது.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. கேட்க எனக்கு வாய் இல்லை. யாரையாவது அனுப்பு.

தனலெட்சுமி

*

கிள்ளான்
19 அக்டோபர் 2025

பெரியம்மா,

இதைச் சொக்கலிங்கத்திடம் கொடுத்தனுப்புகிறேன்.

செமினிக்குப் போய் அம்மாவிடம் உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன்.  பகல் முழுக்க அம்மா துணி மடித்தார், மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார். சாயங்காலம் "அவரு குடிக்காமத்தான் போனாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அதையே கேட்டார். காருக்கு வரும்போது வாசலில் நிறுத்தி மூன்றாவது தரமும் கேட்டார். உங்களைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

நானும் உங்களை மன்னிக்கவில்லை. மன்னிப்பேனா என்றும் தெரியவில்லை. பச்சைச் சட்டையின் பித்தான் வரை ஞாபகம் வைத்திருக்கும் நீங்கள் முப்பது வருடமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கம்பெனியிலிருந்து கதவுச் சாவியை நான் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டேன். மோட்டார் நின்றால் கையால் சுற்றும் சக்கரம் இன்னும் இருக்கிறது. சொக்கலிங்கம் நேற்றும் இன்றும் கற்றுக் கொடுத்தார். கதவின் கீழ் விளிம்பு கல்லில் உட்காரும்போது காலடியில் ஒரு அதிர்வு வரும், அது வந்தால்தான் மூடியதாக அர்த்தம் என்றார். கட்டை இழுக்கும் கொக்கிக் கம்பு வாங்கியிருக்கிறேன். இடுப்பில் கயிறு கட்டிக்கொள்வேன். நாளைக் காலை நாலாவது வாய்க்காலில் அவர் நிற்கிறார், மூன்றாவதில் ஒரு தீயணைப்பு நண்பர். அஞ்சாவதில், உங்கள் பாரிட் லீமா கதவில், நான்.

 சக்கரத்தைப் பிடித்தபோது இதைத்தான் அப்பாவும் பிடித்திருப்பாரோ என்று தோன்றியதும் உட்கார்ந்துவிட்டேன். சொக்கலிங்கம், "வேணாம்னா விட்டுருங்க சார், நான் ஓடி ஓடிப் பாத்துக்கறேன்" என்றார். ஓடி ஓடிப் பார்க்க முடியாது என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

தண்ணீர் காலை ஏழு மணிக்கு உச்சம். எட்டரைக்கு மேல்தான் இறங்கும்.

லோகன்

*

பாரிட் லீமா
20 அக்டோபர் 2025, திங்கள் காலை

லோகனுக்கு,

வாணி புருஷனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தூக்குச் சட்டியில் இட்லி இருக்கிறது. சின்னக் கிண்ணத்தில் நல்லெண்ணெய். உன் தலையில் வைக்க எனக்கு உரிமை இல்லை. நீயே ஒரு விரலால் தொட்டு வைத்துக்கொள்.

இப்போது ஆறரை. ஜன்னலில் இருந்து உன் மஞ்சள் மழைக்கோட்டு தெரிகிறது. ஆறு உன் காலுக்குக் கீழே ஒரு சாண் இடைவெளியில் நிற்கிறது என்று வாணி சொல்கிறாள். மழை வலுக்கிறது. கழிவறைக்கு மூன்று தரம் போய்ப் பார்த்துவிட்டேன். குமிழி இல்லை. பெரியப்பாவின் கை சுற்றிக்கொண்டே இருக்கிறது. நீயும் அவரும் சேர்ந்து இறக்குகிறீர்கள் என்று அவர் காதில் சொன்னேன். கேட்டதா என்று தெரியவில்லை.

சட்டியைத் திறந்து கதவடியிலேயே நின்று சாப்பிடு. பசித்தாலும், நனைந்தாலும், சரியாக மூடிவிட்டது என்று தோன்றினாலும், வீட்டுப் பக்கம் வராதே. யார் வந்து கூப்பிட்டாலும் வராதே. "உன் பெரியம்மா கூப்பிடறாங்க" என்று சொல்லிக் கூப்பிட்டாலும் வராதே. நான் ஜன்னலில் நின்று கையை ஆட்டினாலும், அலறினாலும், நீ கதவை மட்டும் பார்.

என் மேல் இருக்கும் கோபம் அப்படியே இருக்கட்டும். அதைப் பிடித்துக்கொண்டாவது அங்கேயே நில்.

தனலெட்சுமி